தட்டை இருக்க, நார்ச்சத்துப் பொடி எதற்கு?

கேள்வி: எங்கள் கலப்பினப் பசு கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு 10 லிட்டர் கறக்கிறது. மக்காச்சோளம் அறுவடை முடிந்ததிலிருந்து மாவாக அரைத்துத் தினமும் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் கஞ்சியாகக் காய்ச்சி வைக்கிறோம். பத்து நாளாகச் சாணம் தண்ணீராகப் போகிறது. பாலில் கொழுப்பு குறைந்துவிட்டது என்று சொசைட்டியிலும் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் விற்கும் இசப்கோல் நார்ச்சத்துப் பொடியைக் கொடுக்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். கொடுக்கலாமா?
- வேப்பந்தட்டை ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. அதனால் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. உங்கள் உறவினர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மாட்டுக்குக் குறைவது நார்ச்சத்துதான். ஆனால் மனிதருக்கு ஆகும் பொடி மாட்டுக்கு ஆகாது. நம் குடலைக் கடந்து போகும் இசப்கோலை, மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சீக்கிரமே சிதைத்துவிடும். மாட்டுக்கு வேண்டியது நீளமாக, சொரசொரப்பாக, மென்று அசை போட வைக்கிற நார். அது வைக்கோலிலும் தட்டையிலும் இருக்கிறது.

நடப்பது இதுதான். மாடு அசை போடும்போது உமிழ்நீர் சுரக்கிறது. நன்றாக அசை போடும் பசுவுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல்கூடச் சுரக்கும். அந்த உமிழ்நீரில் நம் ஆப்பச் சோடா போன்ற காரப்பொருள் இருக்கிறது. வயிற்றில் உண்டாகும் புளிப்பை அதுதான் அடக்கி வைக்கிறது. மக்காச்சோள மாவும் சோற்றுக் கஞ்சியும் மெல்லாமலே உள்ளே போய்விடும். மாவுச்சத்து வேகமாகப் புளிக்கும், அதை அடக்க உமிழ்நீர் போதாது. சாணம் இளகி, நுரையோடு புளித்த வாடை அடிப்பது அதனால்தான். பாலின் கொழுப்புக்கு வேண்டிய மூலப்பொருளும் நார் புளிக்கும்போதுதான் அதிகம் கிடைக்கிறது. ஆகவே தீவனத்தில் நார் குறைந்தால் கொழுப்பும் குறையும், பால் பணமும் குறையும்.

தவிட்டில் நார் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் தூளாக இருக்கிறது. அசை போட வைக்காது. தட்டையையே மாவு போல அரைத்து வைத்தாலும் இதே கதைதான். ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நறுக்குங்கள்.

உங்கள் பசுவுக்கு அடர்தீவனம் மொத்தமே நாலரை முதல் ஐந்து கிலோ போதும். அதில் மக்காச்சோளம் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். மிச்சம் பிண்ணாக்கும் தவிடும், கொஞ்சம் தாது உப்புக் கலவையும் சாதாரண உப்பும். கஞ்சியாகக் காய்ச்சாமல், உடைத்த நொய்யாக மற்றதோடு கலந்து காலை மாலை பிரித்து வையுங்கள். உலர்தீவனம் ஐந்து கிலோ, பசுந்தீவனம் 20 கிலோ கொடுங்கள். காலையில் முதலில் தட்டையோ வைக்கோலோ போட்டு, அது கொஞ்சம் தின்ற பிறகு அடர்தீவனம் வைப்பது நல்லது. தீவனத்தை மாற்றுவது எதுவானாலும் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். குறைத்தும் இரண்டு மூன்று நாளில் சாணம் கெட்டிப்படவில்லை என்றால் குடற்புழுவோ வேறு நோயோ இருக்கலாம். நான் பயிர் பார்க்கிறவன். அதைக் கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

சரியாகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மாடு படுத்து அசை போடும்போது, ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்கிறது என்று எண்ணுங்கள். 50, 60 முறை மென்றால் நல்லது. 40-க்குக் கீழே என்றால் நார் போதவில்லை.

இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு முடிவதில்லை. பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் இருந்த இடத்தை மக்காச்சோளமும் பருத்தியும் பிடித்துவிட்டன. வீட்டுக்கு வீடு இருந்த சோளத்தட்டைப் போர் இன்று அரிதாகிவிட்டது. திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடப் பாசனத்தில் நெல் விளைவதால் அவர்களுக்கு வைக்கோல் உண்டு. மற்றவர்கள் கட்டு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அப்படி வாங்குகிறவர்களே கதிர் ஒடித்த மக்காச்சோளத் தட்டையை ரோட்டவேட்டர் விட்டு மடக்குவதையும் பார்க்கிறேன். மண்ணுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கறவை மாடு வைத்திருப்பவர் ஒரு பகுதியையாவது பச்சை மாறுமுன் அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போர் போடலாமே. பூசணம் பிடித்த தட்டையை மட்டும் போடாதீர்கள். கடலைக்கொடி இருந்தால் அதுவும் சேரட்டும். கிணறு உள்ளவர்கள் கோ.எப்.எஸ். 29 தீவனச்சோளம் ஐந்து சென்ட் போட்டாலும் உதவும். இளம் சோளப் பயிரில் நஞ்சு உண்டு, பூக்கும் முன் அறுத்துப் போட வேண்டாம்.

இப்போது சாலையோரமெல்லாம் மக்காச்சோளம் காய்கிறது. மாட்டுப் பொங்கலும் வருகிறது. ஆசையாக ஒரு பானைப் பொங்கலை ஒரே மாட்டுக்கு ஊட்டிவிட்டு மறுநாள் மருத்துவரைத் தேடி ஓடுவது வருடா வருடம் நடக்கிறது. சாமிக்குப் படைத்ததில் ஒரு கைப்பிடி போதும். அவிழ்த்துக்கொண்டு போய் மக்காச்சோளக் குவியலைத் தின்ற மாடோ ஆடோ, அசை போடாமல், இடது வயிறு உப்பி, பல்லைக் கடித்து, தள்ளாடினால் அது உயிருக்கு ஆபத்து. எண்ணெய், கஷாயம் என்று வாயில் ஊற்றி நேரம் போக்காதீர்கள். நாக்கைப் பிடித்து இழுத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தானியத்தை எட்டாமல் எடுத்துவிட்டு, வைக்கோல் மட்டும் முன்னால் போட்டு, உடனே 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி வரும். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதைச் சொல்லுங்கள். பிழைத்த மாடும் சில வாரம் கழித்து நொண்டலாம், குளம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடு வைத்திருப்பவர்கள் இதோடு துள்ளுமாரித் தடுப்பூசியையும் மறக்க வேண்டாம். அதைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.