உறுதி சரி என்றால் வீடும் சரியா?



கொட்டாஞ்சேனையில் வீடு பார்த்துவிட்டு வந்த சக ஆசிரியர் ஒருவர், "உறுதி கிளியர் சேர், லோயர் பார்த்துட்டார்" என்றார். மேல்மாடிக்கு பிளான் பாஸ் பண்ணியிருக்கா என்று கேட்டேன். "அது பிறகு கட்டினது. கொழும்புல யார் சேர் அதெல்லாம் பார்க்கிறாங்க?"

நாம்தான் பார்க்க வேண்டும். உறுதி சொல்வது காணி யாருடையது என்பதை மட்டும்தான். கட்டிடம் சட்டப்படி இருக்கிறதா என்பதை அங்கீகரித்த பிளானும், சி.ஓ.சி. என்கிற இணக்கச் சான்றிதழும்தான் சொல்லும். பழைய வீட்டுக்கு எடுத்த சி.ஓ.சி. பிறகு ஏற்றிய மாடிக்குச் செல்லாது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாத பகுதியை இடிக்க நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெறலாம். அன்றைக்கு விற்றவர் வரமாட்டார், வாங்கியவர்தான் நிற்க வேண்டும்.

பணம் போனால் உழைக்கலாம். 2017 மே 18இல் வெள்ளவத்தை சவோய் தியேட்டருக்குப் பக்கத்தில் ஐந்து மாடிக் கட்டிடம் சரிந்து உயிர்கள் போனதை மறந்துவிட்டோமா? அந்த மாடியைத் தாங்கும் அத்திவாரமா என்று பார்த்த பிறகுதானே பிள்ளைகளை அதில் படுக்க வைக்க வேண்டும்!

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லை. "அவர் கேட்கல்ல, நான் சொல்லல்ல" என்பது நியாயமல்ல.

வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்க முன் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். பிளானில் இல்லாதது இருந்தால் விற்பவரே அனுமதி எடுத்துத் தரட்டும். முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

நண்பர் பிளான் வரும்வரை அட்வான்ஸை நிறுத்தியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.