காந்தாரத்தை மேலே வையுங்கள்



ஜேர்மனியில் வாழும் நம் பிள்ளைகள் பலர் வாரநாளில் நகர இசைப்பள்ளியில் பியானோவும், வார இறுதியில் கர்நாடக சங்கீதமும் படிக்கிறார்கள். பெருமையான விஷயம். ஆனால் ஆண்டு விழாவுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு வாசிக்கச் சொன்னால், வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை சி–ஈ–ஜி என்று மூன்று சுரங்களையும் ஒட்டிப்பிடித்து அமுக்கிக்கொண்டே இருக்கும். சுரம் சரி, தாளம் சரி. ஆனாலும் பாட்டு அடைத்துக்கொண்டதுபோல் கேட்கும். இதைத் தீர்க்கும் வழிக்கு ஓப்பன் வாய்சிங் என்று பெயர்.

சி–ஈ–ஜி என்பது நம் கணக்கில் ஸ–க–ப. நடுவில் இருக்கும் காந்தாரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வையுங்கள். இடக்கையில் ஸ, ப, வலக்கையில் க. அதே மூன்று சுரங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழும்.

இதன் காரணத்தை 1863இல் வெளிவந்த நூலில் விளக்கியவர், அப்போது ஹைடல்பெர்க்கில் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இரண்டு ஒலிகளின் அதிர்வெண்கள் மிக நெருங்கினால் அவை ஒன்றோடொன்று மோதித் துடிக்கும். அந்தத் துடிப்பு காதுக்குக் கரகரப்பாகப் படும். பியானோவின் கீழ்ப்பகுதியில் ஒரு சி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அதையடுத்த ஈ 82. வித்தியாசம் 17தான். ஈயை ஒரு ஸ்தாயி உயர்த்தினால் அது 165 ஆகிறது. வித்தியாசம் 100; கரகரப்பு பெருமளவு அடங்கிவிடுகிறது.

நமக்கு இது புதிதல்ல. தம்புராவில் காந்தாரத்துக்கென்று தந்தி கிடையாது. ஆனாலும் சுருதி சுத்தமாகச் சேர்ந்தால், மந்திர ஸட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். அதைத்தான் சுயம்பு காந்தாரம் என்கிறோம். அது கேட்பது அந்த ஸட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயிகளுக்கு மேலே. தந்திக்குள் ஒலிகள் அடுக்கியிருக்கும் வரிசையே ஸ, ஸ, ப, ஸ, க என்பதுதான்: கீழே அகலம், மேலே நெருக்கம். பியானோவில் நாம் செய்ய வேண்டியதும் அதுவே.

இந்த நாட்டில் இதற்கு ஆகச்சிறந்த பாடநூல் பாஹ். 1723 முதல் 1750இல் மறையும்வரை லைப்சிக் தோமஸ் தேவாலயத்தின் இசைப் பணியை ஏற்றிருந்தவர். அவருடைய நான்கு குரல் கோரால்களில் (தேவாலயப் பாடல்களில்) 370க்கும் மேற்பட்டவற்றை 1784–87இல் அதே ஊரின் பிரைட்கொப்ஃப் பதிப்பகம் வெளியிட்டது. பிள்ளைகள் ஒரு கோராலை மெதுவாக வாசித்துப் பார்க்கட்டும்: பாஸும் டெனரும் இடக்கையில், ஆல்ட்டோவும் சொப்ரானோவும் வலக்கையில். பாஸுக்கு மேலே அவர் எவ்வளவு தாராளமாக இடம் விடுகிறார், ஒவ்வொரு குரலும் எப்படித் தனி மெட்டாக நடக்கிறது என்பதை விரல்களே கற்றுக்கொள்ளும். 1986இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் பாஹையும் நம் ராகங்களையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தியவர் இளையராஜா. நம் பிள்ளைகளுக்கு அந்த வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். சின்னக் கைகளை எட்டாத தூரத்துக்கு இழுக்க வேண்டாம். பெடலை மிதித்து, சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் போதும். அடுத்தது ராகம். மோகனத்தில் அந்தர காந்தாரம் பொருந்தும். கரகரப்பிரியாவில் சாதாரண காந்தாரம்தான். சுர அடுக்கு (கார்ட்) அமைப்பதற்காக ராகத்தில் இல்லாத சுரத்தைச் சேர்க்கக் கூடாது.

பெற்றோர்களே, தேர்வுக்கான பாடங்களோடு பியானோவை மூடிவிடாதீர்கள். பிள்ளைக்குப் பிடித்த ஒரு தமிழ்ப் பாட்டை இந்த மாதம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடக்கையை விரித்து, காந்தாரத்தை மேலே வைத்து வாசிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள். அடுத்த ஆண்டு விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்