கொக்கின் வெண்மையைக் காப்பாற்றுங்கள்

பாடாங் செராயைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மாடுகள் மேயும் இடத்திற்கு ஒரு காலை வேளையில் போய்ப் பாருங்கள். ஆண்டின் கடைசி மாதங்களில், மாடுகளோடு வெள்ளைக் கொக்குகளும் சேர்ந்தே நடக்கும். மாட்டின் கால் பட்டுப் புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளியை அவை கொத்தித் தின்னும். இவைதாம் உண்ணிக்கொக்குகள்.

இக்காட்சியைக் கைப்பேசியில் பிடிக்கும் மாணவர்கள் பலர். ஆனால் அவர்கள் காட்டும் படங்களில் புல், பச்சை மையைக் கொட்டியதுபோல் இருக்கிறது. கொக்கோ வெள்ளைத் தாளைக் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. கேட்டால், “செயலியில் சரிசெய்துகொள்ளலாம் சார்” என்கிறார்கள். இந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து. பறவைப் படம் முதலில் ஒரு சான்று. அழகு அதற்கு அடுத்துத்தான்.

சான்று என்று ஏன் சொல்கிறேன்? ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்த உண்ணிக்கொக்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் அமெரிக்காவை அடைந்தது. 1952இல் ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் போர்டன் என்பவர் சில வெள்ளைக் கொக்குகளைப் படம்பிடித்தார். அவை அங்கு வழக்கமாகக் காணப்படும் வேறு வகைக் கொக்குகள் என்றே நினைத்திருந்தார். பிறகு படத்தைக் கூர்ந்து பார்த்தபோதுதான் அவை உண்ணிக்கொக்குகள் என்று தெரிந்தது. எடுத்தவரின் கண் தவறவிட்டதைப் படம் காப்பாற்றி வைத்திருந்தது. அப்படம் வெறும் வெள்ளைத் திட்டாக இருந்திருந்தால்?

நம் கைப்பேசியில் கொக்கு ஏன் வெள்ளைத் திட்டாகிறது? கேமரா தன் முன்னால் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு ஒளியளவைத் தீர்மானிக்கிறது. செம்பனை நிழல் கருமையானது. படத்தின் பெரும்பகுதியை அந்நிழல் அடைத்துக்கொண்டால், கேமரா மொத்த வெளிச்சத்தையும் கூட்டிவிடும். சாதாரணப் படக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. வெளிச்சம் மிகுந்தால் மூன்றுமே 255இல் முட்டி நின்றுவிடும். அங்கே இறகின் வரி எதுவும் பதிவாவதில்லை. பிறகு செயலியில் வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகுமே தவிர, இறகு திரும்பி வராது.

தீர்வு எளிது. திரையில் கொக்கின்மீது தொடுங்கள். பல கைப்பேசிகளில் ஒரு சிறு சூரியக் குறி தோன்றும். இறகின் மடிப்புகள் தெரியும்வரை அதைக் கீழே இழுங்கள். சுற்றுப்புறம் சற்று இருண்டால் பரவாயில்லை. இருண்டதை ஓரளவு மீட்கலாம். வெளுத்ததை மீட்க முடியாது. கொக்கு பிரகாசமான வானத்தின் முன்னே நின்றால் கதை தலைகீழ்: அப்போது வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது படத்தின் அமைப்பு. உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு. சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். அலகும் பாதமும்தான் அடையாளம் என்றால், பாதத்தை வெட்டிய படத்தால் என்ன பயன்? கொக்கு புல்லைவிட்டுச் செம்மண் சடக்குக்கு வரும்வரை காத்திருங்கள். உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில் எடுங்கள். அது பார்க்கும் திசையில் கொஞ்சம் இடம் விடுங்கள். மாடும் படத்தில் இருக்கட்டும். பறவை அங்கே ஏன் வந்தது என்பதை மாடுதான் சொல்லும். பறப்பதை எடுக்கவேண்டும் என்று மட்டும் விரட்டாதீர்கள். அது பசியாறும் நேரம்.

கடைசியாக வண்ணம். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது உண்ணிக்கொக்கின் தலையிலும் மார்பிலும் முதுகிலும் இளஞ்செம்மஞ்சள் நிறம் ஏறும். எந்த மாதம் ஏறுகிறது என்பது ஆய்வாளருக்கு உதவும் செய்தி. நம் ஊரில் காலை 7 மணிக்குப் பிறகே சூரியன் உதிக்கிறது. அந்த இளவெயில், வெள்ளை இறகையும் மஞ்சளாகக் காட்டும். இறகின் மஞ்சள் எது, வெயிலின் மஞ்சள் எது என்று செயலிக்குத் தெரியாது. வண்ணத்தைக் கூட்டினால் இரண்டையும் சேர்த்தே கூட்டும். வெள்ளைத் தலை செம்மஞ்சளாகிவிடும். நீங்கள் அறியாமலேயே ஒரு பொய்ச் சான்றை உருவாக்கியிருப்பீர்கள்.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாய்ந்த படத்தை நிமிர்த்துங்கள், ஓரத்தை வெட்டுங்கள். ஆனால் மாற்றாத மூலப் படத்தையும் தேதி, இடத்தோடு பத்திரப்படுத்துங்கள். ‘இபேர்ட்’ போன்ற தளங்களில் உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் இத்தகைய பதிவுகளைச் சேர்க்கிறார்கள். அவற்றில் பாடாங் செராய்க் கொக்கும் இடம்பெறட்டும். அதற்கு விலையுயர்ந்த லென்ஸ் வேண்டியதில்லை. ஒரு விரலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.