பழைய ஜீப்புக்கு பெரிய என்ஜின்: இழுவை கூடும், சிக்கலும் கூடும்! ராமேசுவரம் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு...

ராமேசுவரம்,

தனுஷ்கோடி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது இடிந்த சர்ச். அடுத்து ஞாபகம் வருவது ஜீப். மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போன அந்தப் பயணத்தை ஒருதடவை போனவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

1964 டிசம்பர் 22-ந்தேதி நள்ளிரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரும், ரெயில் பாதையும் அழிந்தன. அதன்பிறகு மூன்றாம் சத்திரத்தைத் தாண்டி ஒழுங்கான ரோடு கிடையாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மணல்பாதைதான். அந்தப் பாதையில் ஜீப், வேன் ஓட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

2017 ஜூலை 27-ந்தேதி அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலையை பிரதமர் மோடி திறந்து வைத்தார். அன்றோடு ஜீப்பின் மவுசு குறைந்தது. பஸ், கார், பைக் எல்லாம் நேராக அரிச்சல்முனைக்கே போய் நிற்கின்றன.

வேலை குறைந்தாலும் பழைய வண்டிகள் போய்விடவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பளம், இறால் பண்ணை, கடற்கரை கிராமம் என்று ஜீப்புக்கு இன்னும் தேவை இருக்கிறது. போதாக்குறைக்கு பழைய ஜீப் வாங்கி மெருகேற்றி ஓட்டும் ஆசை இளைஞர்களிடம் பரவி வருகிறது.

இரண்டு தரப்பும் பட்டறையில் கேட்பது ஒரே கேள்வி. "வண்டி இழுக்க மாட்டேங்குது. பெரிய என்ஜினா மாத்திட்டா என்ன?"

மாற்றலாமா? மாற்றினால் என்ன ஆகும்? சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனியே செய்த வேலைதான்

ஜீப்புக்கு என்ஜின் மாற்றுவது புது விஷயம் இல்லை. இந்தியாவில் ஜீப்பின் கதையே என்ஜின் மாறிய கதைதான்.

மகிந்திரா நிறுவனம் முதலில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பைத்தான் இங்கே பூட்டி விற்றது. பிறகு வந்த சிஜே 3பி மாடலில் இருந்தது 2,199 சி.சி. பெட்ரோல் என்ஜின். சுமார் 75 குதிரைத்திறன். 'ஹரிகேன்' என்று பெயர்.

பெட்ரோல் விலை ஏற ஏற ஜனங்கள் டீசல் கேட்டார்கள். இன்டர்நேஷனல் டிராக்டர் வகை டீசல் என்ஜின் ஜீப்புக்குள் வந்தது. 1980-களில் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பில் 2,112 சி.சி. டீசல் என்ஜின் வந்தது. 'எம்.எம்.540' ஜீப் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதற்கும் பின்னால் 2,523 சி.சி. என்ஜின். 2010-ல் 'தார்' வந்தபோதும் ஒரு ரகத்தில் இந்த என்ஜின்தான்.

ராணுவத்தில் ஓடிய ஜோங்கா இன்னொரு உதாரணம். 1969-ல் இருந்து ஜபல்பூர் ராணுவ வாகன தொழிற்சாலையில் தயாரான வண்டி. நிசான் நிறுவன வடிவமைப்பு. 6 சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் என்ஜின். டிஸ்போசல் ஏலத்தில் ஆசையாக எடுத்தவர்கள், அது பெட்ரோலைத் தண்ணீராகக் குடிப்பதைப் பார்த்து மிரண்டு போனார்கள். பெட்ரோலைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டியவர்கள் பலர்.

"கம்பெனியே இத்தனை தடவை மாத்தியிருக்கான். நாம மாத்தினா மட்டும் தப்பா?" என்று கேட்பது சகஜம். கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கம்பெனி மாற்றும்போது என்ஜினோடு நிறுத்துவதில்லை. கியர் பாக்ஸ், கிரவுன் பினியன், பிரேக், முன்பக்கப் பட்டை, ரேடியேட்டர் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, சோதனைக்கு அனுப்பி, ஒப்புதல் வாங்கிய பிறகே வண்டி ஷோரூமுக்கு வருகிறது. பட்டறையில் பெரும்பாலும் மாறுவது என்ஜின் மட்டுமே. வித்தியாசம் அங்கேதான்.

மணலில் நடப்பது என்ன?

மணலில் வண்டி சிக்கிக்கொண்டால் எல்லோரும் முதலில் திட்டுவது என்ஜினை. உண்மையில் பாதி நேரம் குற்றவாளி டயர்.

ரோட்டில் 30 பவுண்டு காற்று வைத்த டயர் மணலில் கத்தி மாதிரி இறங்கும். காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து மேலேயே நிற்கும். மணலில் ஓட்டிப் பழகியவர்கள் என்ஜினைத் தொடுவதற்கு முன்னால் காற்றைத்தான் இறக்குவார்கள். இதற்கு பைசா செலவு கிடையாது. திரும்ப தார் ரோடு ஏறியதும் காற்று அடித்துக்கொள்ள வேண்டும். அதை மறந்தால் டயர் சூடாகி வெடிக்கும்.

அடுத்தது நாலு வீல் டிரைவ். பழைய ஜீப்பில் கியர் லிவர் பக்கத்தில் நிற்கும் குட்டி லிவர்களைப் பலர் தொடுவதே இல்லை. 'லோ' போட்டால் சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசை சுமார் இரண்டரை மடங்காகும். பெரிய என்ஜின் வைத்தால் எவ்வளவு கூடும்? 2,100 சி.சி.யை எடுத்துவிட்டு 2,500 சி.சி. வைத்தால் ஒன்றே கால் மடங்கு கூடினாலே பெரிய விஷயம். ஆக, வண்டியிலேயே இருக்கும் லிவர் கொடுப்பதை, லட்ச ரூபாய் என்ஜின் கொடுப்பதில்லை.

இன்னொன்று எடை. டீசல் என்ஜின் கனமானது. பெட்ரோல் ஜீப்பின் மூக்கில் அதை ஏற்றினால் முன்பக்கம் அமுங்கும். முன்சக்கரம் மணலில் முதலில் புதையும். ஸ்டீயரிங் இறுகும். எதற்காக மாற்றினார்களோ அதற்கே வேட்டு.

எங்கே உடையும்?

பெரிய என்ஜின் மாட்டினால் அடுத்த பலவீனமான இடத்தில் பாரம் விழும் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த பாடம்.

முதலில் கிளட்ச். பிறகு ஜாயின்ட் கிராஸ். பிறகு கியர் பாக்ஸ் பல். கடைசியில் ஆக்சில். மணலில் சக்கரம் புதைந்து நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால், சக்தி போக வழியில்லாமல் எங்காவது ஒரு இடத்தில் 'படார்' என்று போய்விடும்.

என்ஜினையும் கியர் பாக்சையும் சேர்ப்பதற்கு லேத்தில் தட்டு கடைந்து போடுகிறார்கள். அதில் சென்டர் ஒரு நூல் தவறினாலும் பேரிங் சத்தம் போட ஆரம்பித்துவிடும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும்.

டீசல் என்ஜின் மெதுவாகச் சுற்றும். பெட்ரோல் ஜீப்பின் கிரவுன் பினியன் வேகமாகச் சுற்றும் என்ஜினுக்காகப் போட்டது. அதை மாற்றாமல் விட்டால் ரோட்டில் வண்டி கத்துமே தவிர ஓடாது. மாற்றினால் வேகம் வரும். வேகம் வந்தால் பிரேக்?

இதுதான் உயிர் விஷயம். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அந்தக் காலத்து வேகத்துக்குச் செய்தது. வேகம் 40-ல் இருந்து 80 ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். பின்னால் எட்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு போகும் டிரைவர் இதை மறக்கக்கூடாது.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்பு. வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே சேஸ் அரித்துப் போயிருக்கும். அரித்த சேசில் வெல்டிங் வைத்து கனமான என்ஜினை உட்கார வைத்தால், குண்டும் குழியுமான பாதையில் அந்த வெல்டிங் எத்தனை நாள் தாங்கும்? பிரேக் பைப்பும் அதே உப்புக் காற்றில்தான் கிடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதற்கானது. வண்டி தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. இதுதான் அதன் சாரம்.

இதை 2019 ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. கேரளாவில் இருந்து போன வழக்கு. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு தீர்ப்பு கூறியது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மீறி வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது, மாநில விதியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது என்பது தீர்ப்பின் சுருக்கம்.

அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒரு மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். ஒரு மாற்றத்துக்கு ஐந்தாயிரம் என்பதைக் கவனிக்க வேண்டும். என்ஜின் ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் தொகை எங்கோ போய்விடும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தி கியாஸ், பேட்டரிக்கு மாற சட்டம் வழி வைத்திருக்கிறது. தேய்ந்துபோன என்ஜினை எடுத்துவிட்டு அதே கம்பெனி, அதே ரக என்ஜின் வைப்பது வேறு கணக்கு. அதையும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும்.

'பெரிய என்ஜின்' ஆசை இந்த இரண்டு வழியிலும் வராது. சிக்கலே அதுதான்.

பழைய இரும்பு கடை என்ஜின்

செகண்ட் ஹேண்ட் என்ஜின் வாங்குபவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், எண்ணைப் பார்ப்பதில்லை. அந்த என்ஜின் எந்த வண்டியில் இருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதா, பில் உண்டா என்று கேட்க வேண்டும். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்துவிட்டால், வாங்கியவர் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டியதுதான்.

ஆர்.சி.யில் ஒரு எண், பானெட்டுக்குள் ஒரு எண் என்றால் எப்.சி.யில் மாட்டும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டியைப் புதுப்பிக்கும்போது மாட்டும். விற்கப் போனாலும் மாட்டும். புதுப்பிக்கும் கட்டணமும் இப்போது சும்மா இல்லை. முன்பு ரூ.600 ஆக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் காருக்கு ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் ரூ.10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் விஷயம் அதைவிட மோசம். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்த வண்டி விபத்தில் சிக்கினால், கிளெய்ம் கொடுக்காமல் இழுத்தடிக்க இன்சூரன்ஸ் தரப்புக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டி என்றால் பாதிப்பு ஒரு குடும்பத்தோடு நிற்காது.

படகுக்கு உண்டு, ஜீப்புக்கு?

பெரிய என்ஜின் பிரச்சினை ராமேசுவரத்துக்குப் புதிதல்ல. கடலில் ஏற்கனவே பார்த்த கதைதான். விசைப்படகில் குதிரைத்திறன் ஏற ஏற, சின்ன படகுக்காரர்களும் நாட்டுப்படகு மீனவர்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்ற குமுறல் பல வருடமாக உண்டு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 2020-ல் திருத்தப்பட்டபோது 24 மீட்டர் நீளம், 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

படகுக்கு 'இவ்வளவு வரை வைக்கலாம்' என்று ஒரு எல்லை இருக்கிறது. ஜீப்புக்கு அப்படி இல்லை. கம்பெனி கொடுத்தது மட்டும்தான். கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்ட 40 வருட மாடலுக்கு அதே ரக என்ஜின் எங்கே கிடைக்கும்? ஏழை வண்டிக்காரர் கேட்கும் இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. சோதனை செய்து, பிரேக் பார்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் ஒரு வழி இருந்தால், திருட்டுத்தனமாக மாற்றுவது குறையும்.

மணலும் பழைய மணல் இல்லை

ஆசைக்கு ஜீப் வாங்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. தனுஷ்கோடி கடற்கரை ஆமைகள் முட்டையிடும் இடம். மணல்மேடும், ஆமை முட்டையிடும் பகுதியும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் உயர்ந்த பாதுகாப்பு பெற்றவை. டயர் ஏறினால் குழிக்குள் இருக்கும் முட்டை நசுங்கும். டயர் தடத்தில் விழும் குஞ்சு கடலுக்குப் போய்ச் சேராது. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரை பறவைகளுக்காக சுமார் 524 ஹெக்டேரில் சரணாலயமும் அறிவிக்கப்பட்டுவிட்டது. பெரிய என்ஜின் மாட்டி மணலில் சீறிக் காட்டலாம் என்று வந்தால் வனத்துறை வழக்கும் சேர்ந்து வரும்.

என்ன செய்யலாம்?

இழுவை குறைந்த வண்டிக்கு முதலில் இருக்கிற என்ஜினைச் சரி செய்வதே லாபம். பம்பு, நாசில் சர்வீஸ், ஏர் பில்டர், கிளட்ச் இத்தனையும் பார்த்தாலே பாதி வண்டிகள் பழையபடி இழுக்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் போர் கட்டலாம். நாலு வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல டயர் போட வேண்டும். இதில் எதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை.

ஏற்கனவே மாற்றிவிட்டவர்கள் நிலைமைதான் பரிதாபம். அவர்களில் பலர் சட்டம் தெரியாமல், பிழைப்புக்காக மாற்றியவர்கள். 'டி.என்.65' வண்டிகளுக்கென்று வட்டாரப் போக்குவரத்து துறை ஒரு முகாம் போட்டு, சேஸ், பிரேக், ஆர்.சி. மூன்றையும் சோதித்து, எந்த வண்டிக்கு என்ன வழி என்று சொல்லிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். ஒரு விபத்து நடந்து நாலு பேர் போனபிறகு வேட்டையில் இறங்குவதை விட இது மேல். அதிகாரிகள் முன்வருவார்களா?

அதுவரை வண்டிக்காரர்கள் ஒன்று செய்யலாம். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவைத்து, அதில் உள்ள என்ஜின் எண்ணையும் பானெட்டுக்குள் உள்ள எண்ணையும் ஒருதடவை ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.