யாளியைக் குளிப்பாட்டினேன்!

நவராத்திரிக்கு வீட்டை ஒழித்தபோது, அம்மா கொடுத்த தஞ்சாவூர் வீணையையும் நான் விடவில்லை. யாளி முகத்தில் பல், பிடரி இடுக்கெல்லாம் ஒரே தூசி. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால், மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்திருக்கின்றன. யாளியின் கழுத்தில் ஒட்டு விட்டிருக்கிறது! வயிறு பகீரென்றது.

எங்களுடையது ஒட்டு வீணை. குடம், தண்டி, யாளி மூன்றையும் பலா மரத்தில் தனித்தனியாகச் செய்து சேர்ப்பார்கள். (ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை.)

“இது என்ன இட்லிப் பானையாம்மா, கழுவிக் காயவைக்க?” என்றார் வீணை வேலைக்காரர். கோபம் வந்தது, ஆனால் நியாயம்தானே! 24 மெட்டுகளையும் புது மெழுகில் பதித்துக் கொடுத்தார். சித்திர வேலைப்பாட்டுக்கு ஈரமில்லாத மெல்லிய பிரஷ் போதுமாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.