வீட்டுக்கும் ஓர் ஐந்தொகை

கடை வைத்திருப்பவரிடம் போய், "கடையின் நிலை என்ன?" என்று கேட்டால், பேரேட்டைப் புரட்டிப் பதில் சொல்லிவிடுவார். சரக்கு இவ்வளவு, வரவேண்டிய பாக்கி இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். அதே மனிதரிடம், "வீட்டின் நிலை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார். மாதச் சம்பளக்காரர் பாடு இதைவிட மோசம். சம்பளம் எவ்வளவு என்று தெரியும். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அறுபது வயது வரை உத்தியோகத்தில் உழல வேண்டியதில்லை, 45 வயதிலேயே விலகி விடலாம் என்ற ஆசை நம் இளைஞர்களிடையே பரவி வருகிறது. பெரியவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பிறர் சொல்லுக்கு ஆடாமல், தன் நேரத்தைத் தானே ஆள வேண்டும் என்று ஒருவன் விரும்புவதில் என்ன தவறு? ஆனால் ஆசை மட்டும் இருந்து, கணக்கு இல்லாவிட்டால் ஆபத்து.

இந்த எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியது. நியூயார்க் நகரில், பங்கு வியாபாரம் நடக்கும் வால் தெருவில் வேலை பார்த்தவர் ஜோ டொமிங்குவெஸ். 1969-ல், 31-வது வயதில் வேலையை விட்டார். பிறகு சம்பளத்துக்காக அவர் உழைக்கவே இல்லை. அவரும் விக்கி ராபின் என்ற அம்மையாரும் சேர்ந்து 1992-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். 'உன் பணமா, உன் உயிரா?' என்று பொருள்படும் தலைப்பு. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காசையும் எழுது. ஒவ்வொரு மாதமும் கூட்டு. வரவையும் செலவையும் சுவரில் மாட்டிய தாளில் கோடாக வரை. சேமிப்பிலிருந்து வரும் வருமானத்தையும் மூன்றாவது கோடாக வரை. அந்த மூன்றாவது கோடு செலவுக் கோட்டைத் தாண்டுகிற நாளில் நீ சுதந்திர மனிதன். இவ்வளவுதான்.

கணக்கு எழுதுவது தமிழனுக்குப் புதிதா? பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், மூன்றாண்டுத் தவணையில் ஏஜெண்டுகளை அனுப்பினார்கள். அவர்களை ஆண்டது கணக்குதான். குறிப்பு, பேரேடு, முடிவில் ஐந்தொகை. சொத்து ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம், மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற ஏடுதான் ஐந்தொகை. இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலப் பெயர் சொல்லிக் கைப்பேசியில் தேடுகிற சமாச்சாரம் இதுவே.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவனுக்கு வயது 38. வீடு 60 லட்சம் பெறும். நகை 9 லட்சம். பிராவிடண்ட் பண்டு 11 லட்சம். பாங்கியில் 4 லட்சம். கார் 3 லட்சம். மொத்தம் 87 லட்சம். கேட்கவே இனிக்கிறது அல்லவா? இப்போது மறுபக்கம். வீட்டுக் கடன் பாக்கி 38 லட்சம். கார்க் கடன் 2 லட்சம். நகை அடகுக் கடன் ஒன்றரை லட்சம். கிரெடிட் கார்டில் 50 ஆயிரம். ஆக 42 லட்சம். மிச்சம் 45 லட்சம்.

பரவாயில்லை என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். குடியிருக்கும் வீடு சோறு போடாது. அதை விற்றால் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். நகை, பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. அதை விற்கும்போது, வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. கார் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. இந்த மூன்றையும் தள்ளிவிட்டால் இருப்பது 15 லட்சம். வீட்டுக் கடன் தவிர்த்த மற்றக் கடன்கள் 4 லட்சம். அதுவும் போக 11 லட்சம். மாதச் செலவு 40 ஆயிரம் என்றால் இது இரண்டேகால் ஆண்டுக்குக் காணும். வீட்டுக் கடன் தவணை தனி! 87 லட்சத்தின் உண்மை முகம் இதுதான். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் அதில் எழுதியிருக்கும் தொகைக்குச் சொத்தாக எழுதக் கூடாது. இன்று ஒப்படைத்தால் கையில் என்ன கிடைக்குமோ அதைத்தான் எழுத வேண்டும்.

சொத்துப் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதும். தினமும் பங்கு விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது கணக்கு அல்ல, நோய். செலவுப் பட்டியல் அப்படியல்ல. அது அன்றாடம் எழுத வேண்டியது. முன்பெல்லாம் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது மனம் சற்றுத் தயங்கும். இப்போது டீக்கடையிலும் கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. போவது தெரிவதே இல்லை.

செலவு ஏன் அவ்வளவு முக்கியம்? நூறு ரூபாய் சம்பாதித்துத் தொண்ணூறு செலவழிப்பவர், ஓராண்டுச் செலவுப் பணத்தைச் சேர்க்க ஒன்பது ஆண்டுகள் உழைக்க வேண்டும். எழுபத்தைந்து செலவழிப்பவருக்கு மூன்று ஆண்டு. பாதி மிச்சம் பிடிப்பவருக்கு ஒரே ஆண்டு. சம்பளம் உயர்ந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். சம்பளத்தோடு செலவும் அதே வேகத்தில் உயர்ந்தால் ஓய்வு ஒரு நாள்கூட அருகில் வராது. ஆனால் ஒன்று. கிராமத்தில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்பும் பணத்தை வெட்டி இந்தப் பாதியைப் பிடிப்பதென்றால், அது நமக்குச் சம்மதமில்லை.

எவ்வளவு சேர்ந்தால் போதும்? 1994-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் ஒரு கணக்குப் போட்டார். 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன் பத்திர விவரங்களை ஆராய்ந்தார். முதல் ஆண்டில் சேமிப்பில் நூற்றுக்கு நான்கு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு போனால், பணம் குறைந்தது 30 ஆண்டு தாங்கும் என்றார். அதாவது ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு. நாம் சொன்ன குடும்பத்துக்கு 1 கோடியே 20 லட்சம்.

இந்த 25-ஐ இங்கே வேதவாக்காக எடுத்துக் கொண்டவர்கள் பலர். அது அமெரிக்க விலைவாசிக்குப் போட்ட கணக்கு; அதுவும் 30 ஆண்டுக்கு. 45 வயதில் விலகுபவர் 85 வரை வாழ்ந்தால் 40 ஆண்டு ஆகிறது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிக்கும். 45-ல் 40 ஆயிரம்; 57-ல் 80 ஆயிரம்; 69-ல் 1 லட்சத்து 60 ஆயிரம். நம் நாட்டில் முப்பது முப்பத்தைந்து மடங்கு என்று வைத்துக் கொள்வதே ஜாக்கிரதை.

நாம் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். பழைய அனுபவம் இருக்கிறது. 2000-2001-ல் பொதுத்துறை பாங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டு வந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விலகினார்கள். அப்போது பாங்கி டெபாசிட்டுக்கு நூற்றுக்கு ஒன்பது, பத்து என்று வட்டி கிடைத்தது. 2004-ல் அது ஆறுக்கும் கீழே இறங்கியது. பத்து லட்சத்தை வட்டிக்குப் போட்டு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரும் என்று கணக்குப் போட்டவர் கையில், 55 ஆயிரத்துக்கு மேல் வரவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? பொதுச் சேமநிதியின் கதையும் அதேதான். 2000 ஜனவரி வரை 12 சதவீதம், 2003-ல் 8, 2020 ஏப்ரலில் 7.1. வட்டி நம்மைக் கேட்டுக் கொண்டு இறங்குவதில்லை.

பென்ஷன் இருக்கிறதே என்பார்கள் தனியார் கம்பெனி ஊழியர்கள். 1995-ம் ஆண்டு பென்ஷன் திட்டத்தில் 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. ஆனால் 2014-ல் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி, 18 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் நாலாயிரம்கூடத் தேறாது. அதற்கும் 58 வரை காத்திருக்க வேண்டும். 50-க்கு மேல் முன்கூட்டிக் கேட்டால், ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு நான்கு வீதம் பிடித்துக் கொள்வார்கள்.

வைத்தியச் செலவை மறந்து விடுகிறவர்கள் இன்னும் அதிகம். கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். புதிதாகச் சொந்தப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். நான்கு ஆண்டாக இருந்ததை 2024-ல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். ஆகவே வேலையில் இருக்கும்போதே சொந்தப் பாலிசி எடுத்து விட வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அதைக் கணவன் மட்டும் எழுதி, பெட்டிக்குள் பூட்டி வைப்பதில் பயனில்லை. நம் வீட்டுப் பெண்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் அவர்கள் சேர்த்த சிறுவாட்டுப் பணம் எவ்வளவு என்பது, 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது பல கணவன்மார்களுக்கு முதல்முறையாகத் தெரிய வந்தது! அந்தச் சாமர்த்தியத்தை ஒளித்து வைக்காமல் பேரேட்டுக்குக் கொண்டு வர, வீட்டில் முதலில் நம்பிக்கை வேண்டும்.

கணக்கை ஒருவரே வைத்திருந்து அவர் திடீரென்று கண் மூடிவிட்டால் என்ன ஆகிறது? பத்து ஆண்டு யாரும் கேட்காத பாங்கிப் பணம், 2014-ல் ரிசர்வ் பாங்கு அமைத்த ஒரு நிதிக்குப் போய்ச் சேர்கிறது. அப்படிப்பட்ட பணத்தைத் தேட 2023-ல் 'உத்கம்' என்று ஓர் இணையதளமே திறக்க வேண்டியிருந்தது. வாரிசுகள் கேட்டால் பணம் கிடைக்கும். ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்? நோட்டின் முதல் பக்கத்தில் பாங்கியின் பெயர், கணக்கு எண், நியமனதாரர் யார் என்பதை எழுதுங்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இன்று சாப்பாட்டு வேளையில் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.