பாடசாலைச் சோறு யார் கடன்?

பிள்ளையைப் பெற்றவர்களே அதற்குச் சோறு போடவேண்டும் என்றும், அவர்களால் இயலாதபோது கோயிலும் ஊரும் வெளிநாட்டில் வாழும் உறவினரும் அந்தப் பாரத்தை ஏற்கவேண்டும் என்றும், கடனில் மூழ்கிய அரசாங்கத்திடம் போய் ஏழைப் பிள்ளைகளின் உணவைக் கேட்பது நியாயமன்று என்றும் ஓர் அபிப்பிராயம் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேரூன்றி வருகிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும், தேர் பார்த்துத் திரும்பும் வழியிலும், காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ரயிற் பெட்டிகளிலும் இதனை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்களிற் பலர் தம் கைப்பணம் கொடுத்துப் பிள்ளைகளின் பசியை ஆற்றியவர்கள். ஆகையால் அவர்கள் கூறும் நியாயங்களை அலட்சியமாகத் தள்ளிவிடாமல், ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து பதில் சொல்வதே முறை.

பெற்றோரின் கடமை என்பது முதலாவது நியாயம். பிள்ளைக்கு உணவளிக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்பதை மறுப்பார் எவரும் இல்லை. ஆனால் கடமை சக்தியைச் சார்ந்தது. ஒருவனுடைய சீவனோபாயத்தை எடுத்துக்கொண்டவர்கள், பின்னர் அவனிடமே வந்து கடமையை உபதேசிப்பதை எந்தத் தர்மமும் ஒப்புக்கொள்ளாது. காங்கேசன்துறையில் அந்தச் சக்தி போன கதை நெடுங்கதை. 1950ஆம் ஆண்டில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய நாள்முதல் இந்த மண்ணின் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்பட்டு, நாடு முழுவதும் வீடுகளாகவும் பாலங்களாகவும் எழுந்தது. அதன் வருமானம் அரசாங்கத்தின் திறைசேரிக்குச் சென்றது. ஊருக்குச் சில வேலைகளும், மழை நீர் தேங்கிய ஆழமான கற்குழிகளும் மிஞ்சின. 1990ஆம் ஆண்டு யுத்தத்தில் அந்த வேலைகளும் போயின. ஆலை மூடப்பட்டது, மயிலிட்டித் துறைமுகம் மூடப்பட்டது, செம்மண் தோட்டங்களைச் சுற்றி முட்கம்பி வேலி எழுந்து, அவை உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரைப் பெற்றன. வெங்காயமும் புகையிலையும் செய்தவர்களும், மடி வலை இழுத்தவர்களும் உடுத்த உடையோடு வெளியேறி, நலன்புரி நிலையங்களிலும் உறவினரின் கோடிப்புறங்களிலும் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தார்கள். யுத்தம் முடிந்த பிறகும், 2013ஆம் ஆண்டில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் மரங்களில் ஒட்டப்பட்டது. நடேஸ்வராக் கல்லூரி 2016ஆம் ஆண்டிலும் மயிலிட்டித் துறைமுகம் 2017ஆம் ஆண்டிலும் விடுவிக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் இருபத்தாறு இருபத்தேழு ஆண்டுகள் கழித்துத் திரும்பியவனுக்கு வள்ளம் இல்லை, வலை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வீடு இருந்த இடத்தில் வடலியும் பற்றையும் வளர்ந்திருந்தன. முகாமிலே பிறந்து, தொழில் எதையும் தகப்பனிடம் பழகாமல் வளர்ந்தவன் இன்று கூலிவேலைக்குப் போகும் தகப்பனாக நிற்கிறான். அவனுடைய பிள்ளை காலை வெறும் தேநீரோடு பாடசாலைக்கு வருவதைக் கண்டு, பெற்றோரின் கடமையை அவனுக்கு ஞாபகப்படுத்துவதற்கு முன், அவனுக்குத் தரவேண்டிய கடன் யாரிடம் நிலுவையாக நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்த வாதம் நமக்கு மட்டும் புதிதாகத் தோன்றியதும் அன்று. இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டு, பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பொதுப்பணத்தில் உணவளிக்க உள்ளூராட்சிச் சபைகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தபோது, பெற்றோரின் பொறுப்புணர்ச்சி அழிந்துவிடும் என்றே அங்கும் ஆட்சேபித்தார்கள். போவர் யுத்தத்துக்குப் படையில் சேர வந்த இளைஞரில் எத்தனையோ பேர் பிள்ளைப் பருவத்துப் பட்டினியால் உடல் தேறாமற் போனதைக் கண்ட பின்னரே அந்தத் தேசம் அச்சட்டத்துக்கு இணங்கியது. பெற்றோரின் பொறுப்புணர்ச்சி அதனால் அழிந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை.

இரண்டாவது நியாயம், அரசாங்கத்திடம் பணம் இல்லை என்பது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அதற்குப் பின்னர் எதைக் கேட்டாலும் இந்த ஒரு பதிலே வருகிறது. கஷ்டகாலத்தில் முதலில் கைவைக்கப்படுவது குழந்தையின் தட்டு என்பதற்கு இந்நாட்டுச் சரித்திரத்தில் ஏற்கெனவே ஓர் உதாரணம் உண்டு. கொரிய யுத்தகாலத்து இறப்பர் விலை வீழ்ந்து திறைசேரி வறண்டபோது, 1953ஆம் ஆண்டு, ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அதே கையோடு, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் நிறுத்தியது. ஆகஸ்ட் மாதம் 12ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதம மந்திரி பதவி துறந்தார். அரிசி விலைக்காகவே மக்கள் எழுந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் பிள்ளையின் பணிசும் பாலும் அந்த முறைப்பாட்டின் ஒரு பங்காக இருந்தன என்பதை மறக்கலாகாது.

பணம் இல்லை என்பவர்கள், பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். ஏழை வரி கட்டுவதில்லை, ஆகவே அவனுக்குச் செலவிடும் காசு பிறருடைய தயவு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் காணப்படுகிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. மயிலிட்டியில் வாடியில் வேலை செய்பவன் சவர்க்காரம் வாங்கினாலும், தொலைபேசிக்குக் காசு போட்டாலும், அந்த வரியைச் செலுத்திக்கொண்டே இருக்கிறான். வருமானத்தின் விகிதத்தில் பார்த்தால் மாளிகைவாசியைவிட அதிகமாகவே செலுத்துகிறான். அவன் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒருவேளைச் சோறு, அவன் முன்னமே கொடுத்த பணத்தில் ஒரு சிறு பகுதி. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அப்போது இத்தீவு ஒரு குடியேற்ற நாடுதான். கற்பிப்பதற்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை, கற்பதற்கு வேண்டிய பலத்தைக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலையன்று எனப் பிரித்துப் பேசுவது எனக்கு விளங்கவில்லை. காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரை மணிவரை வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளையின் முன்னே நிற்கும் ஆசிரியரின் சம்பளமும் அந்த அளவுக்கு வீண் செலவாகவே போகிறது.

மூன்றாவது நியாயம் எல்லாவற்றிலும் வலியது. ஏனெனில் அது நம்முடைய பெருமையோடு சம்பந்தப்பட்டது. செல்வச் சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைக்கும் நாட்டிலே, மாவிட்டபுரத்திலும் கீரிமலையிலும் திருவிழாக் காலத்தில் ஆயிரமாயிரம் பேருக்கு இலை போடும் ஊரிலே, பிள்ளைகளின் சோற்றுக்கு அரசாங்கத்தின் வாசலில் நிற்பதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் பின்னால் உள்ள தன்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் திருவிழா ஆண்டில் சில நாள். பாடசாலை ஏறக்குறைய இருநூறு நாள். ஆடியில் இலை நிறைந்திருப்பது ஐப்பசி மழையில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு உதவாது.

வெளிநாட்டுப் பணத்தின் கதையும் இவ்வாறே. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்களை வைத்திருப்பவை பெரிய கல்லூரிகள். விமானச் சீட்டுக்குக் காணி விற்கக்கூடியவர்களின் பிள்ளைகள் படித்த கல்லூரிகள். கரையோரத்தில், இடப்பெயர்வில் இரவல் கொட்டகைகளில் மாலை நேர வகுப்பு நடத்திச் சாகாமல் மீண்ட ஓர் ஆரம்பப் பாடசாலைக்குக் கனடாவில் சங்கம் இல்லை. அதாவது பசி எங்கே மிகுதியோ அங்கே புரவலர் குறைவு. மற்றொன்றையும் வருத்தத்தோடு சொல்லவேண்டும். பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் ஒருநாள் உணவு கொடுப்பவர்களுக்குக் காட்டுவதற்காக, பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். கொடுப்பவர் கேட்காமலே இது நடப்பதும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை ஒன்று முகத்தைக் கொப்பியால் மறைத்ததை நானே கண்டேன். தானம் வாங்குபவன் நன்றி காட்டவேண்டியிருக்கிறது. உரிமையைப் பெறுபவனுக்கு அந்தக் கடப்பாடு இல்லை.

ஆறுமுக நாவலரைவிடத் தர்மத்தின் மகிமையை அறிந்தவர் யாழ்ப்பாணத்தில் யார்? 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்தவர் அவர். அதே காலத்தில், பஞ்சம் பட்ட மக்களைக் காக்கவேண்டிய பொறுப்பில் தவறியதாக அரசாங்க அதிபர் துவைனம் துரையைப் பகிரங்கமாகக் கண்டித்தவரும் அவரே. ஒரு கையால் கஞ்சி வார்த்தது மறு கையால் கணக்குக் கேட்பதற்குத் தடையாகும் என்று அவர் நினைக்கவில்லை.

தர்மம் மட்டும் போதாது என்பதையே பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்ததும் காட்டுகிறது. சென்னை மாநகராட்சிப் பாடசாலையொன்றில், ஆயிரம் விளக்குப் பகுதியில், பிட்டி தியாகராயச் செட்டியார் காலத்தில் தொடங்கிய மதிய உணவு, ஆரம்பக் கல்வி நிதியில் அந்தச் செலவைச் சேர்க்கப் பிரிட்டிஷ் அரசாங்கம் சம்மதியாததால் 1925ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே நாவலர் எதிர்த்த அதே மனப்பான்மை அது. பின்னர் 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கியபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று நெல்லும் காசும் திரட்டினார். பொதுமக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த உற்சாகம் மெய்யானது. ஆயினும் வசதி படைத்த ஊர் கொடுத்தது, வறண்ட ஊரால் கொடுக்க முடியவில்லை. அரசாங்கம் தன் பணத்தை முன்வைத்த பிறகே திட்டம் நிலைத்தது. 1982ஆம் ஆண்டில் ம. கோ. இராமச்சந்திரன் சத்துணவாக விரித்ததும், 2022ஆம் ஆண்டில் மு. க. ஸ்டாலின் காலை உணவைச் சேர்த்ததும் வரவுசெலவுத் திட்டத்தின் பலத்தினாலேயே.

உலக உணவுத் திட்டமும் அமெரிக்கப் பருப்பும் தகரத்தில் அடைத்த மீனும் இருக்கின்றனவே என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். யுத்தகாலத்திலும் பின்னரும் வடக்குப் பிள்ளைகளை அவை தாங்கின, நன்றியோடு நினைக்கவேண்டியவை. ஆனால் வேறொரு நாட்டின் தேர்தல் முடிவில் நம் பிள்ளையின் தட்டு தங்கியிருக்கக்கூடாது.

அப்படியானால் ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா, வசதியுள்ளவன் பிள்ளைக்கு ஏன் என்று நான்காவதாகக் கேட்கிறார்கள். அஸ்வெசும நிவாரணப் பட்டியல் வந்தபோது, பெயர் விடுபட்ட தாய்மார் பிரதேச செயலகங்களின் வாசலில் மேன்முறையீட்டுப் பத்திரங்களோடு வரிசையாக நின்ற காட்சியை எவரும் மறந்திருக்கமாட்டார். ஏழையை அளந்து காணும் கோல் எவ்வளவு கோணலானது என்பதற்கு அது சாட்சி. வகுப்பறையில் அந்தக் கோலை வைத்தால், ஒரே வாங்கில் இருக்கும் இருவரில் ஒருவன் உண்ண, மற்றவன் பார்த்திருக்க, உண்பவன் ஏழை என்று எல்லோருக்கும் தெரியும். பசியைத் தாங்கும் பிள்ளை அந்தப் பெயரைத் தாங்காது; பசிக்கவில்லை என்று சொல்லி எழுந்துபோய்விடும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும், சுமார் 16 லட்சம் பேருக்கு, உணவு விரிக்கப்பட்டது சரியான முடிவு. பெரும்பாலும் ஐந்தாந் தரத்தோடு அது நின்றுவிடுவதே குறை. ஆறாந் தரத்துக்கு ஏறிய மறுநாள் வயிறு சிறுத்துவிடுவதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். யார் கொடுப்பது என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், உண்மையில் கொடுத்துக்கொண்டிருப்பவள் ஒருத்தி உண்டு. பாடசாலைக்குச் சமைக்க ஒப்புக்கொள்ளும் பெண்கள் பெரும்பாலும் அதே பிள்ளைகளின் தாய்மார். தலைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையில் சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் அவள் ஆக்கவேண்டும். முட்டை விலை ஏறும்போதெல்லாம் தொகை ஏறுவதில்லை. அந்தத் தொகையும் மாதம் கழிந்து, சில வேளை இரண்டு மாதம் கழிந்தே கைக்கு வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தாய் விடியப் புறம் மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவள். அரிசியும் பருப்பும் சந்தியிலுள்ள கடையில் கடனுக்கே வருகின்றன. ஒருநாள் நான் நிற்கும்போது கடைக்காரர் கேட்டார்:

"தங்கச்சி, பள்ளிக்கூடக் காசு வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை அண்ணை. வாற கிழமை வரும் எண்டு சொல்லுகினம்."

கூலிக்காரனின் மனைவியாகிய அவள், தன் மூன்று பிள்ளைகளோடு பிறருடைய எழுபது பிள்ளைகளுக்கும் அரசாங்கத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் கடன் கொடுத்திருக்கிறாள். வட்டி இல்லை; ஒப்பந்தத்தில் அதற்கு இடமும் இல்லை. ஏழைப் பிள்ளைகளின் சோற்றுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கவேண்டும் என்று நான் வாதிப்பதில், அது மாத முதல் வாரத்தில் அவள் கையில் இருக்கவேண்டும் என்பதும், சந்தையில் விலை ஏறும்போது தொகையும் ஏறவேண்டும் என்பதும் அடங்கும். கடைக்காரர் அன்றைக்கும் பத்துக் கிலோ அரிசியை நிறுத்துக் கட்டிவிட்டு, கொப்பியைத் திறந்து, அவள் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்.